யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனருக்குப் புதிய காபரேற்றர்: ஒரு நிகழ்வு ஆய்வு

கார், 1950களின் கடைசியில் வந்த மொறிஸ் மைனர் 1000. எஞ்சின் 948 சிசி, நான்கு சிலிண்டர், பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேஷன்) கம்பனியின் ஏ வரிசை. தகப்பன் வாங்கிய காரை ஓய்வுபெற்ற ஆசிரியரான மகன் இன்றும் ஓட்டுகிறார். கோயிலுக்கும் சந்தைக்கும் போவார், இடைக்கிடை கிளிநொச்சி வரையும் போய் வருவார். அவர் அதை எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தபோது சொன்ன குறைகள் நிறைய. காலையில் ஸ்ராட் பண்ணினால், குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை உள்ளே தள்ள முடியாது, தள்ளினால் நின்றுவிடும். சந்தியில் காத்து நிற்கும்போது எஞ்சின் ஏறி இறங்கித் தடுமாறும். நிறுத்தி வைத்தால் கொட்டகை முழுக்கப் பெற்றோல் மணம். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடினாலே பெரிய காரியம். சீராக இருக்கிற 948 மைனர் 13, 14 கிலோமீற்றராவது ஓட வேண்டும்.

"தம்பி, உதைக் கழட்டிப்போட்டு ஒரு ஜப்பான் காபரேற்றரைப் பூட்டிவிடுமன்," என்றார் மாஸ்ரர்.

"பூட்டலாம் மாஸ்ரர். முதல்ல எஞ்சினைப் பாப்பம், காபரேற்றரைப் பிறகு கதைப்பம்."

பழைய கார் வைத்திருக்கும் எவரிடமும் நான் இதைத்தான் சொல்வேன். எஞ்சின் சரியாக ஓடாவிட்டால் எல்லாப் பழியும், பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற காபரேற்றரின் தலையில்தான் விழும். அதைக் கடைசியாக மாற்ற வேண்டும். மாற்றினாலும், அந்த எஞ்சின் காற்றை இழுக்கிற விதத்துக்குப் பொருந்துகிற ஒன்றைத்தான் பூட்ட வேண்டும். புதியது என்பதோ இலகுவாகக் கிடைக்கிறது என்பதோ காரணம் ஆகாது. இந்தக் காரில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஏ வரிசை எஞ்சின்கள் இலங்கையில் இன்னும் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன. மைனர் மீது இந்த நாட்டுக்கு இருக்கிற பற்றுச் சாதாரணமானதல்ல. தென்னிலங்கையில் மைனருக்கான உடற்பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்த காலமும் உண்டு.

காரில் இருந்தது எஸ்யு கம்பனியின் எச்2 காபரேற்றர், ஒன்றேகால் அங்குல வாய். எஸ்யுவின் வேலைமுறையை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் இலகு. சாதாரண காபரேற்றரில் காற்றுப் போகும் குறுகல் மாறாது, பெற்றோல் வருகிற ஜெற்றின் துளையும் மாறாது. எஸ்யுவில் இரண்டும் மாறும். மணி வடிவக் கூடு ஒன்றுக்குள் பிஸ்ரன் ஒன்று மேலும் கீழும் போகிறது. எஞ்சின் கூடுதலாகக் காற்று இழுத்தால் பிஸ்ரன் உயர்ந்து வழியை அகலமாக்கும், குறைவாக இழுத்தால் இறங்கிக் குறுக்கும். அதனால் ஜெற்றுக்கு மேலால் போகிற காற்றின் வேகமும் அங்குள்ள உறிஞ்சலும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கின்றன. பிஸ்ரனின் அடியில் கூம்பிப் போகும் ஊசி ஒன்று 0.090 அங்குல ஜெற்றுக்குள் இறங்கி நிற்கிறது. பிஸ்ரன் உயர உயர ஊசியின் மெல்லிய பகுதி ஜெற்றுக்கு வரும், பெற்றோல் கூடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கின்னர் சகோதரர்கள் கண்ட இந்த ஏற்பாட்டில் நகரும் பாகங்கள் மிகக் குறைவு. ஆனால் இருக்கிற சில பாகங்கள் தேய்ந்தால் எல்லாம் கெடும்.

இந்தக் கார் இந்த நிலைக்கு வந்ததற்குப் பின்னால் எங்கள் ஊரின் கதை இருக்கிறது. 1990க்குப் பிறகு வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த ஆண்டுகளில் இங்கே மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திப்பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளியை உள்ளே விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். மாஸ்ரரின் தகப்பனும் இந்தக் காரை அப்படித்தான் ஓட்டினார், நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. பெற்றோல் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகையாவது வேண்டும். ஆவியாகாத எண்ணெய் துளியாகவே சிலிண்டருக்குள் போகும், சுவரைக் கழுவி எஞ்சின் ஓயிலில் கலக்கும், பாதி எரிந்து கரியாகப் படியும். அதன் ஒக்ரேன் மிகக் குறைவு என்பதால் எஞ்சின் தட்டும். தட்டலைக் குறைக்க, பிளக்குகளுக்கு மின்னைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரைத் திருப்பி, பிளக்கில் நெருப்பு விழும் நேரத்தைப் பிந்த வைப்பார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கார்களை ஓட வைத்த மெக்கானிக்குகளை நான் உயர்வாக மதிக்கிறேன். ஆனாலும் அன்று திருப்பியது இன்றுவரை திருப்பியபடியே கிடக்கிற கார்கள் உண்டு. இதுவும் அதில் ஒன்று.

முதலில் எஞ்சினைப் பார்த்தோம். அமுக்கம் நான்கு சிலிண்டரிலும் சதுர அங்குலத்துக்கு 140 இறாத்தலுக்குக் கிட்ட, ஒன்றுக்கொன்று 10 இறாத்தல் வித்தியாசத்துக்குள். மண்ணெண்ணெய் குடித்த எஞ்சினுக்கு இது எதிர்பாராத நல்ல செய்தி. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு எஞ்சின் ஒருமுறை கழற்றிச் செய்யப்பட்டதாக மாஸ்ரர் சொன்னது உண்மைதான். வால்வு இடைவெளிகள் ஒழுங்கில்லை, 0.012 அங்குலத்துக்குக் கொண்டுவந்தோம். டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் பொயின்றை 0.015க்கும் பிளக்கை 0.025க்கும் வைத்தோம். நெருப்பு நேரம் கைநூல் சொல்லும் இடத்திலிருந்து வெகுவாகப் பிந்தியிருந்தது. அதைச் சரியாக்கியதும் கார் பழைய காபரேற்றருடனேயே மேட்டில் முன்னைவிட நன்றாக ஏறியது. லீற்றருக்கு ஓடுகிற தூரமும் கொஞ்சம் கூடியது.

அடுத்தது பெற்றோல் பம். மைனரில் முதலில் இருந்தது எஸ்யு மின்பம், எஞ்சின் அறைச் சுவரில் பூட்டியிருப்பார்கள். அது ஒன்றரை இறாத்தல் அளவில்தான் அழுத்தம் கொடுக்கும். இந்தக் காரில் அது எப்போதோ பழுதாகி, அதன் இடத்தில் வேறு ஒரு சிறிய மின்பம் இருந்தது. கேஜ் வைத்துப் பார்த்தால் 4 இறாத்தல். காபரேற்றருக்குள் வரும் பெற்றோலை மட்டம் பார்த்து அடைக்கிற எச்2இன் மிதவை ஊசி அவ்வளவு அழுத்தத்தைத் தாங்காது. மிதவை மேலே போய் வழியை அடைத்தாலும் பெற்றோல் ஊசியைத் தள்ளிக்கொண்டு வரும், மிதவை அறை நிரம்பும், மிச்சம் வழிந்தோடும் அல்லது ஜெற்றால் எஞ்சினுக்குள் போகும். கொட்டகை மணத்துக்குப் பாதிக் காரணம் இது. ஓயில் கம்பியை இழுத்து மணந்து பார்த்தபோது ஓயிலிலும் பெற்றோல். அதே பம்முடன் எந்தப் புதிய காபரேற்றரைப் பூட்டியிருந்தாலும் அடுத்த கிழமை மாஸ்ரர் திரும்பி வந்திருப்பார். பழைய எஸ்யு பம்மைப் பொயின்றும் தோற்சவ்வும் மாற்றிச் சரிக்கட்டித் திரும்பப் பூட்டினோம். அது முடியாதவர்கள் அழுத்தம் குறைக்கும் ஒழுங்காக்கி ஒன்றை இடையில் வைக்கலாம். ஓயிலையும் மாற்றினோம்.

இவ்வளவும் முடிந்த பிறகும் மிஞ்சிய குறைகளே உண்மையில் காபரேற்றருடையவை. ஐட்லிங்கில், அதாவது நின்றபடி எஞ்சின் ஓடும்போது, தடுமாற்றம் போகவில்லை. அக்சிலேற்றரை மிதிக்கக் காற்று வழியைத் திறக்கிற திரொட்டில் தட்டின் தண்டு முனையை விரலால் ஆட்டினால் ஆடியது. ஓடும்போது அந்த முனையில் காபரேற்றர் கிளீனரை விசிறினால் எஞ்சின் வேகம் மாறியது. அந்த வழியால் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். எஸ்யு தன் பிஸ்ரனைத் தாண்டிப் போகிற காற்றுக்கு மட்டும்தான் பெற்றோல் அளந்து கொடுக்கும். தண்டால் நுழைகிற காற்று பிஸ்ரனுக்குத் தெரியாது. முழு வேகத்தில் அது பொருட்டில்லை, ஐட்லிங்கில் அதுவே கலவையைக் குழப்பும். அதைச் சரிக்கட்ட யாரோ ஜெற்றைக் கீழே இறக்கியிருந்தார்கள். ஐட்லிங்கில் ஓரளவு ஓடியது, மற்ற வேகங்களிலெல்லாம் பெற்றோல் கூடிக் கலவை கனத்துவிட்டது. ஊசி ஒரு பக்கமாக உரசி ஜெற்றின் வாய் வட்டம் இழந்திருந்தது. எச் வகையில் ஜெற்றைச் சுற்றித் தக்கை வளையங்கள்தான் பெற்றோலைத் தடுக்கின்றன. அவை காய்ந்து சுருங்கி அடியில் சொட்டுப் போட்டன. கொட்டகை மணத்தின் மறு பாதி அது.

எச்2ஐத் திருத்தியிருக்கலாமா என்றால், திருத்தலாம். உடலின் துளையைக் கடைந்து பித்தளைப் புஷ் வைத்துப் புதுத் தண்டு போட்டால் அது இன்னும் ஒரு ஆயுள் ஓடும். ஆனால் இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அதற்கு நல்ல லேத்தும் பொறுமையான கையும் வேண்டும், கார் அதுவரை படுத்திருக்கும். மாஸ்ரருக்குக் கார் ஓட வேண்டும். 2022இல் கியூஆர் அட்டையைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கிய நாட்களை அவர் மறக்கவில்லை, ஒவ்வொரு லீற்றரும் எங்கே போகிறது என்று கேட்கிறவர். ஆகவே மாற்றுவது என்று முடிவாயிற்று.

ஜப்பான் காபரேற்றர் பற்றி மாஸ்ரருடன் நீண்ட நேரம் கதைத்தோம். உடைத்த வான்களில் இருந்து எடுத்த இரட்டைவாய்க் காபரேற்றரை, ஒட்டுச் செய்த முழங்கைக் குழாயில் ஏற்றி ஓட்டுகிற கார்கள் இங்கே உண்டு. சிலது நன்றாகவே ஓடுகிறது, அதை மறுக்கவில்லை. என்றாலும் இந்த எஞ்சினுக்கு அது வேண்டாம் என்பதற்கு எனக்கு வலுவான காரணம் இருந்தது. ஏ வரிசையின் சிலிண்டர் தலையில் நான்கு சிலிண்டருக்கு உள்வாய்கள் இரண்டே இரண்டு. 1, 2 ஒரு வாயைப் பங்கிடும், 3, 4 மற்றதை. எரியும் வரிசை 1-3-4-2. அதனால் 2 இழுத்து முடிய 1 இழுக்கும், 3 இழுத்து முடிய 4 இழுக்கும். ஒவ்வொரு வாயிலும் அடுத்தடுத்து இரண்டு இழுப்பு, பிறகு நீண்ட ஓய்வு. மெதுவாக ஓடும்போது இந்தச் சமனற்ற துடிப்பு காபரேற்றரின் வாய்வரை வரும். வேறு தலை, கலவையைத் தலைக்குக் கொண்டுபோகிற வேறு மனிபோல்ட் உள்ள எஞ்சினுக்காக அளந்த மாறாக் குறுகல் காபரேற்றர் இதில் தன் கணக்கைத் தவறவிட இடமுண்டு, அதன் ஐட்லிங் துளைகளும் இடைவேகத் துளைகளும் முதலில் கெடும். எஸ்யுவின் பிஸ்ரனோ ஓயில் தடுப்பு இருப்பதால் ஒவ்வொரு துடிப்புக்கும் துள்ளாமல் சராசரியில் நிற்கும். ஏ வரிசையும் எஸ்யுவும் சேர்ந்தே வளர்ந்தவை. அதோடு, முழங்கைக் குழாயின் சுவரில் பெற்றோல் படிந்து வழியும், எஞ்சின் மூடியை மூட இடமும் காணாது. உடைத்த வண்டியில் எடுத்ததன் தண்டு மட்டும் தேயாமல் இருக்கும் என்று யார் சொன்னது?

பலர் மனதில் இருக்கிற ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பெரிய எஞ்சின் என்றால் பெரிய ஜெற், சிறிய எஞ்சின் என்றால் சிறிய ஜெற் என்று நினைக்கிறார்கள். காபரேற்றருக்கு எஞ்சினின் அளவு தெரியாது, தன்னூடாகப் போகும் காற்றுத்தான் தெரியும். மாறாக் குறுகலில் ஜெற்றின் அளவைத் தீர்மானிப்பது முதன்மையாகக் குறுகலின் அளவே. எஞ்சின் அளவு தீர்மானிப்பது காபரேற்றரின் வாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை. 948 சிசி எஞ்சின் 4750 சுற்றில் 37 குதிரைவலு தருவது. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிரம்பும், 80 வீதம் நிரம்புகிறது என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1800 லீற்றர் காற்று. ஒன்றேகால் அங்குல எஸ்யு இதை எளிதாகக் கொடுக்கும். ஒன்றரை அங்குல எச்எஸ்4ஐப் போடச் சொன்ன நண்பர்களும் இருந்தார்கள். இந்த எஞ்சினில் அது பூட்டும் தட்டையும் மனிபோல்டையும் மாற்ற வைக்கும், ஓட்டத்தில் தருவது மிகக் கொஞ்சம்.

எடுத்தது புதிதாகச் செய்த எஸ்யு எச்எஸ்2. எஸ்யு காபரேற்றர்களை இன்றும் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் செய்கிறார்கள். வடிவமைப்பு மைனரின் பிற்காலத்துக்குரியதுதான், உள்ளே இருக்கிற பொருட்கள் இன்றையவை. மிதவை ஊசியின் நுனி விற்றன் என்ற செயற்கை றப்பர், மிதவை துளை விழுந்து மூழ்காத திண்ம வகை, எச்2இன் தக்கை வளையங்களுக்குப் பதில் மிதவை அறையிலிருந்து ஜெற்றுக்கு ஒரு நைலோன் குழாய். வாங்கும்போது மூன்று விடயங்களைக் கேட்டு உறுதி செய்தோம். மிதவை அறையைப் பிடிக்கும் றப்பரின் சாய்வு இந்தக் காருக்கு உரியதா, ஏனென்றால் காபரேற்றர் எப்படிச் சாய்ந்தாலும் மிதவை அறை நிமிர்ந்து நிற்க வேண்டும். திரொட்டில் தட்டு வால்வு இல்லாத முழுத் தட்டா, ஏனென்றால் புகைச் சட்டங்கள் வந்த பிறகான சில தட்டுகளில் சின்ன வால்வு ஒன்று இருக்கும், அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் ஐட்லிங் இறங்காது. மூன்றாவது, டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் வெற்றிடக் குழாய்க்கு உடலில் துளை இருக்கிறதா.

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தத் துளை திரொட்டில் தட்டின் விளிம்பில் இருக்கிறது. தட்டு மூடியிருக்கும்போது துளை தட்டுக்கு வெளிப்புறம், அங்கே உறிஞ்சல் இல்லை. கொஞ்சம் திறந்தவுடன் உறிஞ்சல் வரும், நெருப்பு முந்தும். துளை இல்லாத காபரேற்றரைப் பூட்டிவிட்டுக் குழாயை அடைத்து வைத்தால் கார் ஓடும், ஆனால் மெதுவான ஒரே வேக ஓட்டத்தில் பெற்றோல் வீணாகும். மனிபோல்டில் துளை போட்டு இணைத்தால் ஐட்லிங்கிலேயே நெருப்பு முந்திவிடும். ஜப்பான் காபரேற்றர் பூட்டிய பல கார்களில் இந்தக் குழாய் அனாதையாகத் தொங்குவதைக் கண்டிருக்கிறேன். மாஸ்ரரின் காரில் தொங்கவில்லை, ஆனால் டிஸ்ரிபியூற்றரின் சவ்வு கிழிந்திருந்தது. அதையும் மாற்றினோம்.

பூட்டுவது பெரிய வேலையாக இருக்கவில்லை. மனிபோல்டின் உட்சுவரில் மண்ணெண்ணெய்க் காலத்துக் கரி தாரைப் போல் ஒட்டிக் கிடந்தது, கழற்றி வெளியே வைத்துச் சுரண்டிக் கழுவினோம். காபரேற்றருக்கும் மனிபோல்டுக்கும் இடையில் வெப்பம் கடத்தாத தடித்த கட்டை ஒன்று, இரு பக்கமும் காஸ்கற், அதற்கேற்ற நீளமான ஸ்ரட். ஏ வரிசையில் சைலன்சர் மனிபோல்ட் அதே பக்கத்தில் காபரேற்றருக்குக் கீழேதான் இருக்கிறது. எங்கள் வெயிலில் இந்தக் கட்டையும் ஒரு வெப்பத் தகடும் இல்லாவிட்டால் மத்தியானம் நிறுத்திய கார் பத்து நிமிடத்தின் பின் ஸ்ராட் ஆகாது, மிதவை அறையிலேயே பெற்றோல் கொதிக்கும். சோக் கேபிளின் பிடி எச்எஸ்2இல் வேறு இடத்தில் வருகிறது. சிறிய தகடு ஒன்றை வளைத்துப் புதுப் பிடி செய்தோம். காரின் உடலில் எங்கும் புதிதாகத் துளை போடவில்லை, விரும்பினால் நாளைக்கே எச்2ஐத் திரும்பப் பூட்டலாம். பழைய காரில் வேலை செய்கிறவர்கள் இந்த ஒழுங்கை விடக்கூடாது.

பிறகு ஜெற்றை நடுவாக்கினோம். பிஸ்ரனை விரலால் உயர்த்தி விட்டால் அது தடையில்லாமல் விழுந்து "டக்" என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஊசி ஜெற்றில் உரசுகிறது. ஜெற்றின் பூட்டு நட்டைத் தளர்த்தி, பிஸ்ரனைக் கீழே அழுத்திப் பிடித்து, நட்டை இறுக்க வேண்டும். சில தடவை செய்ய வேண்டி வரும், இதில் அவசரம் கூடாது. பிஸ்ரனின் மேலே உள்ள தண்டுக் குழியில் எஸ்ஏஈ 20 ஓயில், அந்தக் குழல் தண்டின் வாய்க்கு மேலே அரை அங்குலம் நிற்கிற அளவுக்கு. இங்கே பலர் தையல் மெசின் ஓயில் விடுகிறார்கள். அது மெலிவு, எங்கள் வெப்பத்தில் இன்னும் மெலியும். அக்சிலேற்றரை மிதித்ததும் பிஸ்ரன் சட்டென்று துள்ளும், ஒரு கணம் கலவை மெலியும், கார் திக்கும். உடனே காபரேற்றர் பழுது என்பார்கள்.

ஜெற் நட்டை இரண்டு முழுச் சுற்று இறக்கித் தொடங்கி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சரிபார்த்தோம். பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்குள் மெல்ல உயர்த்தினால், வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் கலவை கனம், உடனே விழுந்து நிற்கப் பார்த்தால் மெலிவு, கொஞ்சம் ஏறித் திரும்பப் பழைய நிலைக்கு வந்தால் சரி. நட்டின் ஒரு முகம் திருப்பினாலே வித்தியாசம் தெரியும்.

ஐட்லிங் அழகாக வந்தது. ஆனால் பருத்தித்துறை வீதியில் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது நான்கிலும் கரி, ஓட்டத்தில் கலவை கனம் என்று அர்த்தம். புதிய காபரேற்றர் வந்தது 1098 சிசி மைனருக்குரிய ஏஎன் ஊசியோடு. ஜெற் நட்டை ஏற்றி இதைச் சரிக்கட்ட முடியாது, ஏற்றினால் ஐட்லிங் மெலிந்துவிடும். ஊசியின் தடிப்பை எட்டில் ஓர் அங்குலத்துக்கு ஓர் இடமாக அளந்து அட்டவணை போட்டிருப்பார்கள். முதல் இடம் ஏறத்தாழ எல்லா 0.090 ஊசிகளிலும் 0.089தான். அடுத்த இடங்கள் ஐட்லிங்குக்கும் மெல்லிய ஓட்டத்துக்கும், நடு இடங்கள் வழமையான ஓட்டத்துக்கும், கடைசி இடங்கள் முழுச் சுமைக்கும். எங்களுக்கு வேண்டியது ஆரம்ப இடங்களில் அதே தடிப்பும் நடுவில் சற்றுக் கூடிய தடிப்பும் உள்ள ஊசி. அட்டவணையைப் பார்த்து அப்படி ஒன்றை வருவித்துப் போட்டோம். ஊசியின் தோள் பிஸ்ரனின் அடியோடு மட்டமாக நிற்க வேண்டும், கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ போனால் அட்டவணைக்கு அர்த்தமில்லை.

இப்போது கார் லீற்றருக்கு 13 கிலோமீற்றர் ஓடுகிறது. காலையில் வாசலைத் தாண்டி ஒழுங்கை முடிவதற்குள் சோக்கைத் தள்ளிவிடலாம். கொட்டகையில் மணம் இல்லை. இந்த முன்னேற்றத்தில் எவ்வளவு புதிய காபரேற்றருடையது, எவ்வளவு பம்மும் நெருப்பு நேரமும் தந்தது என்று கேட்டால், என் கணிப்பில் பெற்றோல் மிச்சத்தின் பெரும்பகுதி பின்னவை இரண்டுக்கும் உரியது. ஐட்லிங்கின் அமைதி முழுக்கக் காபரேற்றரின் வேலை. 1, 4 பிளக்குகளின் நிறமும் 2, 3 பிளக்குகளின் நிறமும் இன்னும் சற்று வேறுபடுகின்றன. அது வாயைப் பங்கிடுகிற தலையின் இயல்பு, காபரேற்றரால் தீர்க்கிற விடயமில்லை.

சில கிழமை ஓடியபின் மனிபோல்ட் நட்டுகளை ஒருமுறை இறுக்கினோம், புதுக் காஸ்கற் அமிழும்போது அவை தளரும். எச்2ஐக் கழுவி ஓயில் பூசி மாஸ்ரரிடமே கொடுத்தோம். கொக்குவிலில் லேத் வைத்திருக்கிற அண்ணை ஒருவர் அதற்குப் பித்தளைப் புஷ் போட்டுத் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். ஜெற்றும் தக்கை வளையங்களும் வந்து சேர்ந்ததும் அந்த வேலை தொடங்கும்.